கனெக்டருக்குள் மூடிய பனி

மாத்தளை டவுனில் நான் வேலை செய்த பட்டறையில், சோதனை மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஏழு விதிகள். முதல் ஆறும் அச்சடித்தவை. ஏழாவது மட்டும் நீலப் பேனாவால் எழுதியது: "மூடியதைத் திறக்கலாம். திறந்தால் புத்தகத்தில் எழுத வேண்டும்."

போன கிழமை, அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார்கள். "ரோசி அக்கா, ஏழாவது ரூல் மட்டும் ஏன் கையால எழுதியிருக்கு? மிஸ்கிட்ட கேட்டா, ரோசிக்கிட்டயே கேளுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." அந்தச் செய்தியை மூன்று தடவை கேட்டேன். பின்னால் பட்டறையை நடத்தும் மிஸ் சிரிக்கிற சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒன்பது வருடம் செய்த வேலையிலிருந்து நின்று எட்டு மாதமாகிறது. என் மகள் ஜெனிக்குப் பனிக்காலத்தில் இழுப்பு வருகிறது. அவளோடு இருக்க வேண்டும் என்று நின்றேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது இருக்கட்டும். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். குரல் செய்தியில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கேபிளின் நுனியில் கனெக்டர் பூட்டுவது. வானொலிக் கோபுரங்களுக்கும், ஹோட்டல்களுக்கும், மலையில் இருக்கும் சின்னச் சின்ன நிலையங்களுக்கும் அந்தக் கேபிள்கள் போகும். டெக்னிக்கல் கொலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் கேபிளை வெட்டுவது மட்டும்தான் வேலை. பூட்ட விடவில்லை. நான் வெட்டி எறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் இரத்தோட்டை வரை நீண்டிருக்கும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் கம்பி முழுவதும் நிறைந்து ஓடும். எங்கள் அலை அப்படியில்லை. ஒரு வினாடிக்குள் கோடிக்கணக்கான தடவை துடிக்கிற அலை, செம்பின் தோலை ஒட்டியே ஓடும். நடுக் கம்பிக்கும் வெளி உறைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் படலம்தான் அதன் பாதை. அந்தப் பாதையின் அகலம் எங்கேயாவது மாறினால், அதாவது கேபிள் நசுங்கினால், நுனி அரை மில்லிமீற்றர் நீண்டால், ஒரு துளி ஈரம் புகுந்தால், அலை தடுக்கி விழும். தடுக்கியதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். ஆகவே நல்ல கனெக்டர் என்பது, தன்னைக் கடந்து போனதே அலைக்குத் தெரியாத கனெக்டர்.

எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அனலைசர் திரையில் ஒரு கோடாகக் காட்டும். கோடு தாழ்ந்திருந்தால் நல்லது. எங்கேயாவது மேடு தட்டினால் கேபிளின் அத்தனையாவது மீற்றரில் குறை இருக்கிறது. வேலைக்குப் போன முதல் வருடத்தில், கண்ணை மூடினால் அந்தக் கோடுதான் வரும். பாதித் தூக்கத்தில் அது நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு எதிரே தெரியும் மலைவரிசை ஆகிவிடும். அதில் ஒரு உச்சியைக் கையால் அழுத்திச் சமன்செய்யப் பார்ப்பேன்.

பட்டறையை நடத்தியவர் ஃபர்ஹானா மிஸ். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயதுதான் மூப்பு. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். செய்யும்போது பேச மாட்டார். கத்தியால் மேலுறையை ஒரு சுற்று கீறி, உருவி, செம்பு வலையைப் பின்னால் மடித்து, நடுக்கம்பியின் நீளத்தை அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்து, சின்னத் தூரிகையால் துகள்களைத் தட்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைப் பாகத்தில் விரல் படாமல் பூட்டுவார். கடைசியில் அளவு ஸ்பேனர். சரியான இறுக்கம் வந்ததும் அது "டிக்" என்று ஒரு சத்தம் போடும். மிஸ் அந்த ஒரு டிக்கோடு கையை எடுத்துவிடுவார். "பிஸ்மில்லாஹ்" சொல்லித் தொடங்கிய வேலை டிக்கோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேபிளைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

என்னால் அது முடியாது. ஒரு டிக் கேட்டதும், நிஜமாகவே கேட்டதா என்று இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பேன்.

"உனக்கு என்ன புள்ள, பூட்டின கதவ மூணு தரம் ஆட்டிப் பாக்கிற வியாதியா?" என்பார் மிஸ். "ரெண்டாவது டிக் கேபிளுக்கில்ல, உன்ட மனசுக்கு. கேபிளுக்கு அது கூடாது."

"சும்மா ஒரு தடவை பார்த்தேங்க மிஸ்."

"சும்மா பாக்கிறதுக்கு அங்க என்ன படமா ஓடுது?"

ஆனாலும் அந்த வியாதி எனக்கு நல்ல பெயரையும் வாங்கித் தந்தது. ஒரு முறை சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். மேல்மாடி அறைகளுக்கு மட்டும் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, சரியாக இருந்தது. நாங்கள் வந்த வான் வண்டி புறப்பட இருந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. திரும்ப ஓடிப்போய்க் கேபிள் போன வழியெல்லாம் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். ஒரு கதவின் கீலுக்குப் பின்னால், கதவு திறக்கும்போது மட்டும் நசுங்குகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து கோபுரத்தில் ஏறி வேலை செய்யும் சுனில் அய்யா (சிங்களத்தில் அண்ணனை அய்யா என்றும் தங்கையை நங்கி என்றும் கூப்பிடுவோம்) எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார்: "ரோசி நங்கி மூடினா மூடினதுதான். அத யாரும் செக் பண்ண வேணாம்."

எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையால்தான் பின்னால் மூன்று கிழமை வீணாகப் போனது.

பல்லேகமைக்கு மேலே ஒரு மலை. வேலைத் தாளில் அதற்கு ஒரு எண் மட்டும்தான். நாங்கள் ஒத்தமர மலை என்போம். அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் மழைமானிகள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தது என்பதைக் கால் மணிக்கொரு தரம் வானொலி அலையில் ஒத்தமர மலைக்கு அனுப்பும். அங்கிருக்கும் நிலையம் அதை வாங்கி டவுனில் உள்ள அலுவலகத்துக்குக் கடத்தும். மழை ஒரு அளவைத் தாண்டினால், சரிவுக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளுக்கு, மண் சரியலாம் என்று தகவல் போகும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். நிலையத்தின் பழைய கேபிளை மாற்றிப் புதியது போடுவது எங்கள் வேலை.

பிரசவ விடுமுறை முடிந்து நான் திரும்பிய முதல் கிழமை அது. ஜெனிக்கு ஐந்து மாதம். காலையில் அவளை, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மாத்தளையிலிருந்து மலைப்பாதை வழியாக வான் வண்டியில் மூன்று மணி நேரம். அப்புறம் ஒரு மணி நேரம் ஏற்றம். வேலையைத் தொடங்கும்போதே பதினொன்று தாண்டிவிட்டது.

என் பங்கு, நிலையத்துப் பெட்டியிலிருந்து வெளியே வரும் குட்டைக் கேபிளைக் கோபுரத்துக் கேபிளோடு இணைப்பது. நெஞ்சு உயரத்தில் இருக்கும் இணைப்பு. பூட்டினேன். ஒரு டிக். அனலைசரில் கோடு தாழ்ந்து கிடந்தது. மேலே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். அது தன்னோடு தானே ஒட்டி ஒரே தோலாகிவிடும். அதற்கு மேல் கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றினேன். மழை வழிந்து போகுமே தவிர உள்ளே போகாது. மிஸ் நிலையத்துப் பெட்டிக்குள் இருக்கும் வருகைப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். சுனில் அய்யா அனலைசரைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். மிஸ் அவருக்குப் பின்னால்.

நான் பையை எடுக்கக் குனிந்தபோது மூடுபனி ஏறி வந்தது. முதலில் உச்சியில் நின்ற ஒற்றை மரம் போனது. பிறகு கோபுரத்தின் மேல்பாதி. பிறகு என் கையில் இருந்த ஸ்பேனரின் நுனிகூட மங்கலாகத் தெரிந்தது. சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போன மாதிரி அடங்கிவிட்டது. அந்த வெள்ளைக்குள் நின்றபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. துடைத்தேனா? பூட்டுவதற்கு முன் அந்த வெள்ளைப் பாகத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்தேனா? துணியை எடுத்தது ஞாபகம் இருந்தது. துடைத்தது ஞாபகம் இல்லை. காலையில் ஜெனிக்கு மருந்துச் சொட்டு கொடுத்தேனா என்பதும் ஞாபகம் இல்லை. இரண்டு சந்தேகமும் ஒன்றாகிவிட்டது. ஒன்றைத் தீர்க்க வழியில்லை. மற்றது கை எட்டும் தூரத்தில் இருந்தது.

டேப்பை அறுத்தேன். கனெக்டரைக் கழற்றினேன். துடைத்தேன். பூட்டினேன், டிக். மறுபடியும் டேப்பைச் சுற்றினேன், முன்னையதைவிட அழகாக. எல்லாம் ஒரு பத்து நிமிடம்.

கீழேயிருந்து சுனில் அய்யா கூப்பிட்டார். "நங்கி! என்னா செய்றது அங்க? பனி திங்கிறதா?"

"இல்ல அய்யா, வர்றேன்!"

புத்தகம் பெட்டிக்குள் பூட்டியிருந்தது, சாவி மிஸ்ஸிடம். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் "மறுபடியுமா புள்ள?" என்று சிரிப்பார். ஆறு மாதத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தவள், முதல் கிழமையிலேயே சிரிப்புக்கு ஆளாக வேண்டுமா என்று நினைத்தேன். எழுதவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பதினைந்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. விடியற்காலை நாலு மணிக்குப் பிறகு ஒத்தமர மலையிலிருந்து ஒன்றும் வருவதில்லை. ஒன்பது, ஒன்பதரைக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. போனோம். பதினொரு மணிக்கு அனலைசரை மாட்டினால் கோடு தாழ்ந்து, ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது. வானொலிப் பெட்டியை மாற்றிவிட்டு வந்தோம். மறுநாள் விடியற்காலை மறுபடியும் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை அண்டனாவை மாற்றினோம். மூன்றாம் தடவை பற்றரி, இடிதாங்கி, மேலே உள்ள இணைப்புகள் எல்லாவற்றையும் பார்த்தோம். கடைசியில் மிஸ் என் இணைப்பின் பக்கம் கையை நீட்டினார்.

"அது ரோசி கட்டினது மிஸ்," என்றார் சுனில் அய்யா. "அத விடுங்க. பிரிச்சா அந்த மாதிரி திரும்பக் கட்ட ஏலாது."

மிஸ் கையை எடுத்துக்கொண்டார். நான் பேசாமல் நின்றேன். பொய் சொன்னேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நன்றாகத்தானே மூடினேன் என்றே நினைத்தேன்.

அன்று இறங்கி வரும்போது, மலையடியில் முதல் வீட்டில் தண்ணீர் கேட்டோம். சோமா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஏழெட்டு மாதப் பிள்ளை. முற்றத்தில் ஒரு கம்பத்தில் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கட்டி, வெளிப்புறத்தில் நகப்பூச்சால் கோடு போட்டிருந்தாள். எதற்கு என்று சிங்களத்தில் கேட்டேன்.

"மேல இருக்கிற மெஷின் விடியக்காலையில பேசுறதில்லையாமே," என்றாள். "அதான் நான் நாலு மணிக்கு எழும்பிடுவேன். அரை மணிக்கொரு தரம் டோர்ச் அடிச்சுப் பார்ப்பேன். இந்தக் கோட்டுக்கு மேல போனா எல்லாரையும் எழுப்பணும். ஆறு மணிக்கு அந்தக் கொய்யா மரத்தடிக்குப் போய் அலுவலகத்துக்குப் போன் பண்ணணும். அங்கதான் சிக்னல் பிடிக்குது."

"தினமுமா?"

"மழை இல்லாட்டியும் கண்ணு முழிச்சுக்குதே. இவன் தூங்கினாலும் நான் தூங்குறதில்ல." சிரித்தாள். கண்ணைச் சுற்றிக் கரி பூசினாற்போல் இருந்தது. "நீங்க நல்லாச் செஞ்சிட்டுப் போங்க நங்கி. மழைக்காலம் வரப் போகுது. ஒரு நாள் நான் அசந்து தூங்கிட்டா என்ன ஆகும்?"

வான் வண்டியில் வீடு வரை அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு காலை. ஜெனிக்குப் போத்தலில் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். முதல் நாள் மாலை போத்தல்களைக் கொதிக்க வைத்து, ஈரம் காயும் முன்பே மூடியை இறுக்கி, வரிசையாக வைத்திருந்தேன். தூசி விழக் கூடாது என்ற அவசரம். காலையில் ஒன்றை எடுத்தேன். மூடி இறுக்கமாகவே இருந்தது. உள்ளே கண்ணாடிச் சுவர் முழுவதும் துளிகள். யன்னல் வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் துளிகள் மறைந்து போத்தல் தெளிந்தது. மறுபடி குளிர்ந்த இடத்தில் வைத்தேன். மெல்ல, யாரோ உள்ளிருந்து மூச்சு விடுவதுபோல, கண்ணாடி மங்கியது.

ஒரு துளியும் வெளியே போகவில்லை. மூடி அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடுபனிக்குள் நின்று கனெக்டரைத் திறந்தேன். பனி உள்ளே போனது. அதை உள்ளே வைத்து, என் கையால் முடிந்த அளவு அழகாக மூடினேன். விடியற்காலைக் குளிரில் அது துளியாகிறது. வெயில் ஏறியதும் ஆவியாகிறது. நாங்கள் போய்ச் சேரும் நேரத்துக்கு மறைந்துவிடுகிறது.

என் கணவர் அன்டன் தோட்டத்து ஒஃபிசில் கணக்கு எழுதும் கிளாக்கர். சட்டையை மாட்டிக்கொண்டே வந்தவர், "என்னா, பிள்ளைக்கு ஏதும் ஆச்சா?" என்றார்.

சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுவாத்தான் இருக்கும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப மெதுவாச் சொல்லலாமே. அடுத்த தடவை போறப்ப நீயே பிரிச்சு மாத்திட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அதையும் யோசித்தேன். பொய்யாக எதையும் எழுத வேண்டியதில்லை. நடந்ததை மறுபடி ஒரு தடவை எழுதாமல் விட்டால் மட்டும் போதும். அடுத்த தடவை என்றால் இன்னும் ஒரு கிழமை. சோமாவுக்கு இன்னும் ஏழு விடியற்காலை. போனை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தவறான பெயரை அழுத்தினேன்.

"மிஸ், ஒத்தமர மலையில அந்த ஜொயின்ட்... நான் அத மறுபடி திறந்தேங்க. பனிக்குள்ள."

மறுபக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"புத்தகத்தில இல்லையே."

"நான் எழுதலைங்க."

"யா அல்லாஹ்," என்றார். பிறகு, "மூணு தரம் போய் வந்தோமே புள்ள. மூணு தரமும் பக்கத்திலயே நின்டியே" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சரி. பகல்ல போனா காணேலாது. இன்டைக்கே போய்த் தங்கி, விடியக்குள்ள ஏறோணும். பிள்ளைய என்ன செய்வ?"

"கொண்டு வர்றேன் மிஸ்."

"கொண்டு வா. போத்தலையும் கொண்டு வா. நல்லாக் காய வெச்சு."

அன்று இரவு சோமா வீட்டில் தங்கினோம். நாலரைக்கு எழுந்தபோது சோமா ஏற்கெனவே முற்றத்தில் டோர்ச்சோடு நின்றாள். ஜெனியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். போகிற வழியெல்லாம் புல்நுனியில் ஈரம். சுனில் அய்யா வழக்கமாகப் பாடிக்கொண்டு வருவார், அன்று பாடவில்லை. மேலே மூடுபனி கழுத்தளவு உயரத்துக்குப் படுத்திருந்தது. பாலில் நடப்பதுபோல் இருந்தது. நிலையத்தை நிறுத்திவிட்டு அனலைசரை மாட்டினோம். கோடு தாழ்ந்து போய்க்கொண்டே இருந்து, சரியாக என் இணைப்பு இருக்கும் தூரத்தில் ஒரு மலையாக எழும்பியது. மூன்று கிழமை தேடிய மலை. பாதித் தூக்கத்தில் நான் கையால் அழுத்தப் பார்த்தேனே, அதே மாதிரி.

"நீயே திற," என்றார் மிஸ்.

திறந்தேன். சுனில் அய்யா குடையைப் பிடித்தார். வெள்ளைப் பாகத்தின் மேல், நடுக்கம்பிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே, ஒரே ஒரு துளி. டோர்ச் வெளிச்சத்தில் அது முத்துப்போல இருந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கம்பியின் பொன்நிறம் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தது.

"இது இன்டைக்குப் பனியில்ல," என்றார் மிஸ் மெதுவாக. "அஞ்சு கிழமைக்கு முந்தினது."

சுனில் அய்யா என்னைப் பார்க்காமல், "நான்தானே தொட வேணாம்னு சொன்னது," என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நுனிகளையும் வெட்டி எறிந்தோம். புதிதாகச் சீவி, அளந்து, துடைத்து வைத்தேன். துடைக்கும்போது, "துடைக்கிறேன் மிஸ்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பூட்டப் போனேன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போற? சுத்திப் பாரு."

சுற்றிலும் வெள்ளை. காத்திருக்க வேண்டும். ஏழானது. எட்டானது. ஒன்பதானது. நிலையம் ஊமையாக நின்றது. கிழக்கே, பனிக்கு மேலே, மழைமேகம் ஒன்று கறுத்துக்கொண்டு வந்தது. கீழேயிருந்து சோமா கொய்யா மரத்தடிக்கு வந்து போன் பண்ணினாள். பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனால் காற்று மாறுகிறது என்றாள்.

"மிஸ், இப்போதைக்கு மூடிட்டு, பிறகு வந்து..."

"இப்ப மூடினா இன்டைக்குப் பனிய மூடுவ."

"மழை வந்தா?"

"வந்தா கீழ போய் நாங்களும் சோமாவோட குவளையப் பார்ப்போம். அரைவாசி வேலை செஞ்சிட்டு, செஞ்சாச்சுன்னு அவக்கிட்ட சொல்ல மாட்டேன்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கடினமான வேலை, கையில் ஸ்பேனரோடு அங்கே சும்மா நின்றதுதான். பதினொன்றரைக்குப் பனி கிழிந்தது. வெயில் வந்தது. சூட்டுக்காற்று ஊதி நுனிகளைக் காய வைத்தோம். பூட்டினேன். டிக். என் கை தானாக இன்னொரு தடவை திருப்பப் பார்த்தது. நிறுத்தினேன். டேப்பைச் சுற்றினேன். கோடு தாழ்ந்து, தூக்கம் கலையாதது போலக் கிடந்தது.

மிஸ் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். அன்றைய வேலையை எழுதினேன். பிறகு ஐந்து கிழமைக்கு முந்தின பக்கத்தைப் புரட்டி, மிஸ்ஸின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: "எல்லோரும் இறங்கிய பிறகு, மூடுபனியில், இணைப்பை மறுபடி திறந்து மூடினேன். அன்று இதை எழுதவில்லை. ரோசி."

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனபோது தாளில் ஏழாவது வரி ஏறியிருந்தது. "திறக்கக் கூடாதுன்னு எழுதலையா மிஸ்?" என்று கேட்டேன்.

"திறக்காதன்னா நீ திறப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? எழுதுன்னா எழுதுவ."

ரூல் வந்த கதை இதுதான், தங்கச்சிமாரே. ஆனால் எனக்கு அதைவிட ஞாபகத்தில் நிற்பது, நாங்கள் மலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை. முதல் நாள் பின்னேரமே மழை பிடித்துவிட்டது. விடிய விடியப் பெய்தது. நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு மணிக்கு எனக்கும் கூப்பிடுவதாகச் சோமா சொல்லியிருந்தாள். கூப்பிடவில்லை. ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து மிஸ் வழியாக ஒரு வரி வந்தது: எல்லாக் கால் மணிக் கணக்கும் வந்து சேர்ந்தது, மழை இன்னும் அளவைத் தொடவில்லை. அப்போதும் சோமா கூப்பிடவில்லை. வீடு சரிந்ததா, பிள்ளைக்கு ஏதுமா என்று நான் என்னென்னவோ நினைத்தேன்.

எட்டரைக்குப் போன் அடித்தது. கொய்யா மரத்தில் மழை சொட்டும் சத்தம்; அதற்குப் பின்னால் பிள்ளை பசியில் அழும் சத்தம். சோமாவின் குரல் பயந்து, குழறி வந்தது.

"நங்கி, கோவிச்சுக்காதீங்க. குவளையப் பார்க்கல. நான் இப்பத்தான் எழும்பினேன்."